அறுபத்திரண்டாம் பக்கம்

டிசம்பர். கயானியில்
இரண்டரை மணிக்கே பொழுது அடங்கிவிடும்.
அந்த இருட்டோடு சேர்ந்து உள்ளே வந்தார்
ரெய்யோ கார்ப்பினென்,
பூட்ஸ் பனியை என் கம்பளத்தில் உதறிக்கொண்டு.

"கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்.
அடியிலிருந்து.
ஆனால் எழுத மாட்டேன்."

வலக்கை உறையைப் பல்லால் கடித்து இழுத்தார்.
கட்டைவிரல். பக்கத்தில் ஒன்று.
இடக்கை கோட்டுப் பையைவிட்டு வரவில்லை.
"மவுஸ் பிடிக்க வரும்" என்றார்.
"அதற்கு இவ்வளவு போதும்."

பதினேழு வருடமாக இந்த நூலகத்தில்
என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள்.
சவுனா அடுப்புக்குக் கல் தேர்ந்தெடுப்பது எப்படி,
பக்கத்து வீட்டு நாயின் மேல் வழக்குப் போடுவது எப்படி.
இதை யாரும் கேட்டதில்லை.

முதல் புத்தகம்,
முதல் பக்கத்திலேயே ஒரு படம்:
விசைகளின் மேல் பத்து விரல்கள்,
பியானோக்காரியின் விரல்கள் மாதிரி, அவ்வளவு அழகாக.
நான் மூடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

இரண்டாவது,
கீழ்க்காணும் பதினெட்டு வரிகளைத் தட்டச்சு செய்க என்றது.
மூன்றாவதின் அட்டையில்
'முற்றிலும் புதியவர்களுக்கு' என்று இருந்தது.
தூக்கவே இரண்டு கை வேண்டும்.

எங்கள் மொழியிலும் அதற்கு எலி என்றுதான் பெயர்.
மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பது
அன்றைக்கு என் வேலையாயிற்று.

கடைசியில் கிடைத்தது
சிறுவர் பகுதியில், டைனோசர்களுக்குக் கீழே.
'ஏழு முதல் ஒன்பது வயது வரை.'
வண்ணக் கட்டைகள். இழுத்து வந்து
ஒன்றோடொன்று கோத்தால் போதும்,
ஒரு முள்ளெலி நடக்கும்.
அட்டையை மறைத்தபடி நீட்டினேன்.
அவர் திருப்பி, வயதை வாய்விட்டுப் படித்து,
"என் வயதில் முன்னால் இருக்கும் எண்ணை
எடுத்துவிட்டால் சரியாக வருகிறது" என்றார்.

பிறகு கேட்டார்:
"இதில் நிறுத்துவது எங்கே?"

முதலில் ஓட்டப் பழகலாமே என்றேன்.
அவர் கேட்கவில்லை. பின்னாலிருந்து புரட்டினார்,
விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாக.
அறுபத்திரண்டாம் பக்கம். சிவப்புக் கட்டை.
"அறுபத்தோரு பக்கம்
நிறுத்தத் தெரியாமலேயே ஓட்டச் சொல்கிறானா,
யார் இவன்?"

ஆற்றங்கரை மர ஆலையில்
அந்தச் சிவப்புப் பொத்தான்
எத்தனை அடி தள்ளி இருந்தது என்று
ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எழுதுபவர் பெயரைத் தேடுவதுபோல
அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்தோறும் வந்தார்.
பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க.
திரையின் பூஜ்ஜியம் மேலே, இடது மூலையில்;
கீழே இறங்க இறங்க எண் கூடும்.
எனக்குத் தலைகீழாகப் பட்டது.
அவருக்குப் பிடித்திருந்தது.

மார்ச்சில் ஒருநாள், மூடும் நேரம்,
விளக்குகளைப் பாதி அணைத்தாயிற்று.
"இங்கே வாருங்கள். சொடுக்குங்கள்."
சொடுக்கினேன்.
சுட்டி நின்ற இடத்தில் ஒரு புள்ளி.
புள்ளியைச் சுற்றி ஒரு வளையம்,
அதைச் சுற்றி இன்னொன்று,
வெட்டிய அடிமரத்தைப் பார்ப்பதுபோல.
சில வளையங்கள் நெருக்கமாக, கஞ்சத்தனமாக.
"மழை இல்லாத வருடங்கள்" என்றார்.
மரம் வளர்ந்துகொண்டே போனது. திரை போதவில்லை.
எப்படி முடியும் என்று கேட்டேன்.
"முடியாது."

அப்போதுதான் கவனித்தேன்:
திரையில் எங்கே இருந்தாலும் கைக்கு எட்டும்படி
அம்புக்குறியின் பின்னாலேயே
ஒரு சிவப்புச் சதுரம்
நாய்க்குட்டி மாதிரி வந்துகொண்டிருந்தது.
"நீங்களே நிறுத்துங்கள்."
நிறுத்தினேன். நின்றது, அந்த நொடியே.
"இன்னொரு தடவை."
பதினொரு தடவை ஓட்டி, பதினொரு தடவை
என்னை நிறுத்தச் சொன்னார்.
பேருந்தை விட்டுவிட்டேன்.

புத்தகம் இன்னும் அவரிடம்தான்.
அறுபத்து மூன்றாம் பக்கத்துக்கு
அவர் போனதாகத் தெரியவில்லை.
காத்திருப்போர் பட்டியலில் ஏழு வயது ஒருத்தி,
பெயர் பிஹ்லா, வாரம் ஒருமுறை
மேஜைமேல் மூக்கை வைத்துக் கேட்கிறாள்.
கொஞ்சம் தாமதமாகும் என்கிறேன்.
நேற்று நான்காம் முறையாக நீட்டித்தேன்,
விதி இரண்டுதான் என்கிறது.